ஓரத்தில் நின்ற மாமனார்

"இது பாதி விலைதான். ஆனா ஓரத்துல நிக்கிறவங்களை இழுத்துக் காட்டும்," என்று பழைய கேமராக் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். குடும்பம் மொத்தமும் ஒரே படத்தில் அடங்கினால் போதும் என்று மாப்பிள்ளை அந்த வைட் லென்ஸையே வாங்கிவிட்டான்.

பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டதும் படத்தை யாருக்கும் காட்டாமல் கவருக்குள் செருகினான். ஓரத்தில் நின்ற மாமனார் பீரோ அகலத்துக்கு இருந்தார். செருமினாலே வீடு அடங்கிய மனிதர் அவர்.

படத்தைக் கொண்டுவரச் சொல்லி அவரே போன் செய்தார். எட்டி நின்றபடியே நீட்டினான்.

"இது நானா?"

"லென்ஸ் கோளாறு, மாமா. மறுபடி எடுத்துடுறேன்."

"வேண்டாம். இதையே பெருசாப் போட்டு ஹால்ல மாட்டுங்க." குச்சியாய் இளைத்துவிட்ட விரலால் படத்தைத் தடவினார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்லேருந்து எல்லாரும் என்னைப் பாவமாத்தான் பாக்குறாங்க, மாப்பிள்ளை. நீங்க ஒருத்தர்தான் இன்னும் பயப்படுறீங்க."