நிழல் அளந்த கயிறு

சாயங்கால வெயிலில் படப்பிடிப்புக்காகக் கட்டிய சுவரின் ஈரப் பூச்சு மினுங்குகிறது. ஒருவரின் நிழலை அளந்த கயிற்றை உள்ளே வைத்துப் பூசினால் சுவர் நிற்கும். ஆனால் நாற்பதாம் நாள் அந்த ஆள் உயிரோடு இருக்கமாட்டார். எங்கள் பல்கேரிய மலைகளில் சொல்லும் கதை அது. அதைப் படமாக்க நிஜக் கொத்தனார் ராங்கெலையே கூட்டி வந்திருக்கிறோம். அவர் கதாநாயகி ஸோர்னிட்சாவின் நிழலை அளப்பதுபோல் ஒரு காட்சி எடுத்து முடித்ததும் அவள் கை நீட்டுகிறாள். "அண்ணே, அந்தக் கயித்தக் குடுங்க, ஞாபகத்துக்கு வச்சுக்கிறேன்." "உள்ள வச்சுப் பூசிட்டேன்மா. கைப்பழக்கம்." அவள் சிரிப்பு பாதியில் நிற்கிறது. "ஐயோ, சும்மா நடிக்கத்தானே சொன்னாங்க!" ராங்கெல் கரண்டியைக் கழுவுகிறார். "பயப்படாத தாயி. நான் அளந்தது என் நிழலத்தான்." எடுத்த காட்சியைக் கேமராத் திரையில் ஓட்டிப் பார்க்கிறேன். கயிறு தலை முதல் கால்வரை அவள் நிழல்மேல்தான் கிடக்கிறது. அவள் எட்டிப் பார்க்குமுன் திரையை அணைக்கிறேன்.