கோபி பெயரில் ஏழு சீட்டு

"கோபி பேரை எடுங்க மேடம்!"

சபீனா போட்ட சத்தத்தில் அந்த ஹைதராபாத் உப்பல் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

யூனிஸ் லேப்டாப்பை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவள் புராஜெக்ட் மேனேஜராகி இரண்டே மாதம். பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சுவரில் ஏற்றியிருந்தாள். பெரிய வெள்ளைப் பலகை. ஒரு வேலைக்கு ஒரு மஞ்சள் சீட்டு. சீட்டில் ஒரே ஒரு பெயர், ஒரு தேதி. வேலை முடிந்தால் சீட்டு வலப்பக்கம் போய்விடும்.

நல்ல ஏற்பாடுதானே என்கிறீர்களா? கோபியின் மகள் பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவன் லீவு. ஆனாலும் அவன் பெயர் போட்ட சீட்டுகள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

"பிள்ளை தலைமாட்டுல உட்கார வச்சு வேலை வாங்குறீங்களே, மனசாட்சி இருக்கா? அவன் சீட்டை என்கிட்ட கொடுங்க."

"நக்கோ சபீனா, வேண்டாம். திட்டம் போட்டாச்சு. பேர் மாறாது."

சபீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் மயிரே போச்சு என்று எம்.டி. குமரவேலுக்கே மெயில் தட்டிவிட்டாள்: 'நம் பலகையில் ஒரு அநியாயம் நடக்கிறது. நேரில் வந்து பாருங்கள்.'

பத்து நிமிஷத்தில் வருவதாகப் பதில் வந்தது.

அதே வேகத்தில் மாடிப்படிக்குப் போய் கோபிக்குப் போன் போட்டாள்.

"கோபி, இன்னியிலேருந்து நீ லேப்டாப்பைத் தொடாதே! யார் என்ன கிழிக்கிறாங்கன்னு நான் பார்க்குறேன்."

"லேப்டாப்பா? அது மேடம்கிட்ட இருக்கு சபீனாக்கா. பலகையில பேர் இல்லாதவங்களை மாசக் கடைசியில எம்.டி. வேலையை விட்டே தூக்கப் போறாராம். 'நீ பாப்பாவைப் பாரு, உன் பேர்ல நான் முடிக்கிறேன்'னு முதல் நாளே மேடம் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. தெரிஞ்சா அவங்க வேலையும் போயிடும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

சபீனா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். குமரவேல் அவளைத் தாண்டிப் படியேறிக்கொண்டிருந்தார்.

நேராகப் பலகை முன் போய் நின்றார். சபீனாவும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"லீவுல இருக்கிறவன் பேர்ல ஏழு வேலை முடிஞ்சிருக்கே? இதுதான் நீங்க எழுதின அநியாயமா?"

யூனிஸின் முகம் வெளுத்துவிட்டது.

சபீனா அவள் பக்கம் திரும்பவே இல்லை. எம்.டி.யை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அநியாயம் இல்லாம என்ன சார்? பிள்ளையை ஆஸ்பத்திரியில வச்சுக்கிட்டு அவன் ஏழு முடிச்சிருக்கான். இங்க ஏசியில உட்கார்ந்திருக்கிற நான் நாலுதான் முடிச்சிருக்கேன். மெமோ கொடுக்கிறதுன்னா எனக்குக் கொடுங்க!"