பதினான்கு சுருளிலும் இல்லை

1984 ஜூன் 15, வெள்ளிக்கிழமை. திரையில் இருசப்பனின் பெயரைப் போட்டார்கள், இருசப்பனைக் காட்டவில்லை.

"உண்மையைச் சொல்லுய்யா. உன் ஆப்பரேட்டர் ரீலை வெட்டிட்டானா?"

கள்ளக்குறிச்சித் திரையரங்கின் மேலாளர் அறையில் நின்றபடி கேட்டார் வழக்கறிஞர் கண்ணாயிரம். பகல் ஆட்டம் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க?" என்றார் மேலாளர் தனசேகரன். "பெட்டியில பதினாலு ரீல் வந்துது. பதினாலும் ஓட்டினோம்."

"கத்திரிக்கோல் இல்லாத தியேட்டரா?"

"இருக்கு. படம் அறுந்தா ஒட்டறதுக்கு வெச்சிருக்கோம். வெட்டற வேலையெல்லாம் மெட்ராசோட சரி."

கதவருகே தரையில் அமர்ந்திருந்தாள் தைலம்மாள். நாற்காலியைக் காட்டியும் அவள் ஏறி உட்காரவில்லை. வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் இறங்கி வந்தவள். படத் தொடக்கத்தில், "மற்றும் வெள்ளிமலை இருசப்பன்" என்று கண்ணாயிரம் அவளுக்குப் படித்துக் காட்டியபோது, முன்னிருக்கையை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். அதன் பின்னர் இரண்டரை மணி நேரம் கண்ணிமைக்காமல் பார்த்தாள். கணவன் வரவேயில்லை.

"பேரு இருக்குது, ஆளு இல்லியே. அது எப்படிங்க?" என்று கேட்டாள்.

"பேரை முன்னாடியே எழுதிப் படம் புடிச்சிடுவாங்கம்மா. அப்பால நீளம் ஜாஸ்தின்னு எதையாச்சும் தூக்கிடுவாங்க. தூக்கினவங்க பேரைத் தேடி எடுத்துக்கினு இருக்க எவனுக்குப் பொறுமை?" என்றார் தனசேகரன்.

"சாயங்கால ஆட்டத்தையும் பாத்துடறனே."

"பகல்ல வராதவரு சாயங்காலம் வந்துடுவாரா? வேஷம் கட்டிக்கினு லேட்டா வர இது கூத்து இல்லம்மா. அதே ரீலுதான்."

தனசேகரனுக்கு விவரம் தெரியாது. கண்ணாயிரம் சுருக்கமாகச் சொன்னார்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், மணலூர்பேட்டைக்கு அருகில் சந்தனக்கட்டை வண்டியை மறித்த காவலர் ஒருவரை வெட்டிவிட்டு ஓடியவன் இருசப்பன் என்பது வழக்கு. அதே நாள், அதே வேளையில் அவன் இந்தப் படத்துக்காக மலையில் பாடைமீது பிணமாகக் கிடந்து நடித்துக்கொண்டிருந்தான். அவ்வூருக்கு முதன்முதலாகப் பேருந்து வந்த நாள் அது. வாழைமரம் கட்டிய அந்தப் பேருந்து பாடைக்குப் பின்னால் வந்து நின்றதும் படத்தில் பதிவாயிற்று. ஊரார் அனைவரும் சாட்சி சொன்னார்கள்; அனைவரும் உறவினர்கள் என்று எதிர்த்தரப்பு ஒதுக்கியது. படக் கம்பெனிக்கு எழுதிய மூன்று கடிதங்களும் 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்தன. இருசப்பன் கடலூர்ச் சிறையில் இருக்கிறான். திங்கட்கிழமை இறுதி வாதம்.

"வெட்டின துண்டு எங்கேயாவது கிடைக்குமா?" என்று கேட்டார் கண்ணாயிரம்.

"எரிச்சிருப்பாங்க சார்."

"டைரக்டரையாவது பிடிக்க முடியுமா?"

"படம் முடிஞ்ச கையோட கண்ண மூடிட்டாரு. பேப்பர்ல போட்டிருந்துதே, பாக்கலியா?"

கண்ணாயிரம் மேசையை ஓங்கித் தட்டினார். "ஒரு ஏழையைப் பாடையில படுக்கவெச்சு, மூக்குல பஞ்சு அடைச்சு, ஒருநாள் பூரா வெயில்ல வாட்டியிருக்காங்க. கடைசியில பேரை மட்டும் போட்டுட்டு ஆளை வெட்டி எறிஞ்சிருக்காங்க. மனசாட்சியே இல்லாத ஜனங்க. அந்த டைரக்டர்..."

"அவர வையாதீங்க ஐயா" என்றாள் தைலம்மாள்.

"செத்துட்டா நல்லவனாயிடுவானா?"

"அதுக்கு முன்னாடியே நல்லவருதாங்க."

"நல்லவனா? உன் புருஷனுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் காட்சி. அது படத்தில இருக்கும்னு நம்பவெச்சு ஏமாத்தியிருக்கான்."

தைலம்மாள் மெல்ல எழுந்து நின்றாள். புடைவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"ஏமாத்தலீங்க" என்றாள். "ஏமாத்தியிருப்பாருன்னு நெனச்சித்தான் நான் வந்தன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அன்னிக்குச் சாயங்காலம் அவரு ஜீப்புல ஏறப்போனாரு. கால்ல வுழுந்தன். படம் ஊர் ஊரா ஓடுமாமே, ஒவ்வொரு ஆட்டத்துலயும் எங்க வூட்டுக்காரரு சாவணுமா, அந்தப் பாடைய எடுத்துடு சாமின்னு அழுதன். எடுத்துடறம்மான்னாரு. எம் பொண்ணு தலையில கைய வெச்சி சத்தியம் பண்ணச் சொன்னன். பண்ணாரு. எட்டாம் நாளு போலீசு வந்துது." மூச்சை இழுத்துக்கொண்டாள். "சினிமாக்காரங்க சொன்ன சொல்லக் காப்பாத்த மாட்டாங்கன்னு ஊரே சொல்லிச்சிங்க. அத ஒண்ணத்தான் ஐயா நம்பிக்கினு இருந்தன்."

வழக்கு இன்னும் முடியவில்லை. அன்று அந்த மலையில் விளக்குப் பிடித்தவரோ, பாடை தூக்கியவரோ, கும்பலோடு நின்று வேடிக்கை பார்த்தவரோ இதைப் படித்துக்கொண்டிருந்தால், தாளை மடித்து வைத்துவிட்டுக் கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்கு நேரில் வந்து, கண்டதைச் சொல்லுங்கள்.