பன்னிரண்டு வாடிக்கையாளர்கள்

"ஹரிஷ், இன்னைக்கும் அந்தப் பன்னெண்டு பேர்ல ஒருத்தர்கூட ஆர்டர் போடல."

போன் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள் மலர். ஜீவனஹள்ளி வீட்டில் இட்லிப் பொடி அரைத்து ஆன்லைனில் விற்கிறாள். அந்தப் பன்னிரண்டு பேரும் முதல் வாரத்திலிருந்தே விடாமல் வாங்கியவர்கள். மல்லேஸ்வரம் சூப்பர் மார்க்கெட்டில் அவள் பொடியை வைத்த மாதத்தோடு, சொல்லிவைத்தாற்போல் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்.

"கடையிலேயே கிடைக்குதுன்னு அங்க வாங்கறாங்களோ என்னமோ," என்றான் அவள் கணவன்.

"கடைக்காரர் கமிஷன் போக நமக்கு என்ன மிஞ்சுது? இதை நம்பி வேலையை வேற விட்டுட்டேன். மிஷின் லோன் அப்படியே நிக்குது."

"அப்போ கடைக்குக் குடுக்கறதை நிறுத்திடு."

திங்கட்கிழமை வழக்கம்போல் சரக்கோடு கிளம்பினாள். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, மேனேஜர் சுதீர் முன்னால் பையை இறக்கி வைத்தாள்.

"சார், இதுதான் கடைசி லோடு. இங்க வச்சதுல என் ஆன்லைன் கஸ்டமருங்க எல்லாம் போயிட்டாங்க."

"ஐயோ, அப்படிப் பண்ணாதீங்க மேடம்! மத்த பொடியெல்லாம் தூங்குது. உங்களோடதுதான் ஓடுது."

"என் ஆளுங்களை வச்சுத்தானே சார் ஓடுது?"

சுதீர் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளதைச் சொல்லிடறேன். மத்தவங்க அங்கொண்ணு இங்கொண்ணு எடுப்பாங்க. மொத்தமா வாங்கறது ஒரே ஒரு பெரியவர். திங்கக்கிழமை தவறாம வருவார். முன்னாடி ஃப்ரெண்ட்ஸ் பேர்ல, அவங்க அட்ரஸ்லயெல்லாம் ஆன்லைன்ல போட்டு வாங்கிட்டிருந்தாராம்."

மலருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பன்னெண்டு பேரும் ஒரே ஆளா? வீட்டு வாசலுக்கே வந்துட்டிருந்ததை விட்டுட்டு எதுக்கு சார் இங்க வந்து அலையணும்?"

"நானும் கேட்டேன் மேடம். 'ஆன்லைன்ல பொடிதான் வரும், அதைக் கொண்டுவர்ற பொண்ணு முகம் வராதே'ன்னார்."

சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டிப் பார்த்தார் சுதீர்.

மலர் திரும்பினாள். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், கையில் கூடையோடு, ஒளிய நேரமில்லாமல் நின்றிருந்தார் அப்பா. அவள் ஹரிஷைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, நான்கு வருடமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாத அப்பா.