ஐந்தாவது சொல்

ஒப்பரேஷனுக்கு முதல் நாள், மூளைக்கடியில் வளர்ந்த கட்டி ஞாபகத்தை எவ்வளவு தின்றிருக்கிறதென்று பார்க்க, ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துக் கேட்டார். லோகேஸ்வரி நான்கைச் சொன்னாள்; அவளுடைய கிளினிக் கொப்பியில் மிஸ்ஸி நான்கு கட்டங்களில் சரி போட்டார்.

"மத்தத நாளைக்குச் சொல்றேன் மிஸ்ஸி. அசதியா இருக்கு."

"பறிச்ச கொழுந்து எத்தன கிலோன்னு மட்டும் மறக்க மாட்டா," என்றான் புருஷன் தவராசா. அவள் சிரித்தாள்.

மறுநாள் அவள் கண் விழிக்கவேயில்லை.

காரியம் முடித்து அவன் தோட்டத்துப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போன காலை, பெயர் கூப்பிட்ட கணக்கப்பிள்ளை பழக்கத்தில் அவளையும் கூப்பிட்டுவிட்டார். பெண்கள் வரிசையிலிருந்து அசதியாக ஒரு குரல் வந்தது.

"குதிரை."

"யாரு புள்ள அது?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி திரும்பிப் பார்த்தார்கள். தவராசா அந்த வரிசையில் முகம் முகமாகத் தேடினான். மிஸ்ஸி சொன்ன ஐந்தாவது சொல் அது. அவனைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

கிளினிக் கொப்பியில் ஐந்தாவது கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.