எச்சில் கரண்டி

இது சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் டயானா ராத்திரி முழுக்க இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கையை விட்டு நின்றுவிட்டு இப்போதுதான் வீடு வந்திருக்கிறாள். சிரிப்பு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

வந்த கையோடு அடுப்படிக்குள் நுழைந்தாள். பிஸ்கட்டை நொறுக்கி, வெண்ணெயில் பிசைந்து, கண்ணாடித் தட்டில் அழுத்தினாள். வடிகட்டின தயிர், கிரீம், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே அடித்து அதன்மேல் பரப்பினாள். மேலே எலுமிச்சை ஜெல்லி. இனி ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும்.

"ருசி பாத்தியாளா?"

கேட்டது அமலோற்பவம். டயானாவின் புருஷனுக்கு அக்கா. கையில் ஜெபமாலை.

"தபசு காலம்லா மைனி. ஈஸ்டர் வரைக்கும் இனிப்பத் தொட மாட்டோம்னு ரெண்டு பேரும் நேர்ந்திருக்கோமே."

"ஆமா. நேர்ந்தா நேர்ந்ததுதான்."

சாயங்காலம் பால்துரை அண்ணாச்சி வருகிறார். பண்டம் அவருக்குப் பிடித்துவிட்டால், அவர் பேக்கரிக்குத் தினமும் செய்து கொடுக்கலாம். ராத்திரி ஷிப்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

அண்ணாச்சி வந்தார். நாற்காலி முனகியது.

"அடுப்புல வேகாம ஒரு கேக்காம்மா? எனக்கு நம்பிக்கையே வரல. என்ன நாஞ்சொல்லுதது?"

"சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. மைனி, அதக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்!"

மைனி வரவில்லை. டயானா எட்டிப் பார்த்தாள்.

மைனி, தட்டின் விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தாள். அப்படியே நின்றாள். பிறகு பெரிய கரண்டியை எடுத்து, நட்ட நடுவில் குத்தி, ஒரு வாய். அதே கரண்டியை மறுபடியும் தட்டில் விட்டு, அடுக்கெல்லாம் குழம்ப, இன்னொரு வாய்.

"மைனி! எச்சி..."

கன்னம் உப்பியிருக்க, மைனி தட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

"பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஒரு வாய்னு நெனச்சேன், கை நிக்க மாட்டேங்குது. எச்சிப் பண்டத்தை உங்களுக்கு எப்படிக் குடுக்க? நாளைக்கு வாரியளா?"

அண்ணாச்சி தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்தது அவர் மட்டும்தான்.

"தபசு இருக்க அம்மாவையே மயக்கிட்டுதே! அப்ப பண்டம் எப்படி இருக்கும்! நாளைக்கே வாரேன். அது வரைக்கும் அம்மாவக் கட்டிப் போட்டு வையி. என்ன நாஞ்சொல்லுதது?"

வண்டிச் சத்தம் தெரு முனை தாண்டியதும் டயானா சுவரில் சாய்ந்தாள். கத்தக்கூடத் தெம்பில்லை.

"மாதாவுக்கு நேர்ந்ததெல்லாம் ஊருக்குக் காட்டத்தானா மைனி? இன்னைக்கும் நான் ஐஸ்ல போயி நிக்கணும். அள்ளித் திங்கும்போது அது ஞாபகம் வரலையா?"

மைனி குடத்தில் மொண்டு மொண்டு மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அவர் வருவாருங்கறது என்ன நிச்சயம்?"

மைனி மறுபடியும் குடத்தில் மொண்டாள்.

டயானா தட்டைத் தூக்கிக் கழுவப் போனாள். கிரீம் கையெல்லாம் ஈஷியது. நேர்ச்சையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆத்திரத்தோடு விரலை நக்கினாள்.

முகம் கோணியது. காறித் துப்பினாள்.

அலமாரியைப் பார்த்தாள். பொடித்த சர்க்கரை டப்பா மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு டப்பா, பாதி காலி. தூள் உப்பு.

"மைனி..."

"என்னளா முழிக்க? குடம் காலி. போயி இன்னொரு குடம் தண்ணி கொண்டா, தொண்டை எரியுது."