வாயைத் திறக்காத மைக்கு

கன்னத்தில் இரண்டாவது அறை விழுந்தபோதும் அவள் கத்தவில்லை. உதடு கிழிந்து வழிந்த ரத்தத்தை விழுங்கிக்கொண்டாள்.

"அழுத்தக்காரிடி நீ," என்றான் காண்ட்ராக்டர். அறிவிப்பு அறையின் கதவை உள்ளே தாழிட்டிருந்தான். சுவர் முழுக்கப் பஞ்சு பதித்த அறை. ஆலையின் இரைச்சலே உள்ளே எட்டாது.

அதிகம் பேசாத அவளுக்கு ஆலையில் 'மைக்கு' என்று பட்டப்பெயர். மேஜையில் மைக்கையும் மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயரையும் ஓடவிட்டு வைத்துக்கொண்டு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் பேசினால் காது கிழிகிறது, டைம் கீப்பர் பேசினால் ஒன்றும் கேட்பதில்லை என்று தொழிலாளிகள் புலம்பியிருந்தார்கள். இனி யார் கத்தினாலும் கருவியே சத்தத்தை அமுக்கிவிடும். அமைதியானால் சில விநாடிகளில் மெல்ல ஏறி, முணுமுணுப்பைக்கூட ஆலையின் ஒலிபெருக்கிகளுக்குத் தூக்கிக்கொடுக்கும்.

"ஓட்ட டப்பாவ நோண்டுனது போதும். போலீஸ்ல குடுத்த புகார வாபஸ் வாங்குறேன்னு கையெழுத்துப் போடு." தாளை அவள் முகத்தில் எறிந்தான்.

போன மாதம் கொதிக்கும் சாயத் தொட்டியில் விழுந்து செத்தான் அவள் அண்ணன். கால் தவறியது என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"எங்க அண்ணன் தவறி விழல."

தலைமுடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். புருவம் பிளந்தது. முன்கையைக் கடித்து முனகலை அடக்கினாள். பல் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

சற்று நேரம் அறையில் சத்தமே இல்லை. மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தவளின் காதருகே அவன் குனிந்தான்.

"ஆமா, தவறி விழல. நான்தான் தள்ளுனேன்," என்றான், ரகசியம் போல. "விளிம்பப் புடிச்சுத் தொங்குனான். விரலு ஒவ்வொண்ணா மிதிச்சேன். எவன் பாத்தான்? உனக்கும் அதே தொட்டிதான்."

கழுத்தை நெரித்தான். அவள் கண் இருண்டுகொண்டு வந்தபோது கதவு பெயர்ந்து விழுந்தது. கடப்பாரையும் கம்பியுமாக இருபது பேர். "டேய், என்னடா..." என்று அவன் திரும்புவதற்குள் முழங்கால் சிப்பி உடைந்தது.

டைம் கீப்பர் அவளைத் தூக்கி உட்காரவைத்தார்.

"ஏம்மா, உயிர் போற வலியில ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் கத்தியிருந்தா, அந்த ஆளு சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காதுண்ணே."